முத்துப்பாரும் சங்குக்கடலும் ஆராய்ந்த ஜேம்ஸ் ஹோர்னல்

நம் கல்லூரியின் பழைய மாணவர்களுள் மருத்துவர் பலர். பொறியியலாளரும் நியாயவாதிகளும் கணக்காளரும் அவரினும் பலர். கடலாற் சூழப்பட்ட இந்நாட்டிற் பிறந்தும், கடலையும் அதன் செல்வத்தையும் ஆராய்வதையே தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்டோர் மிகச் சிலரே. மீன் என்றாற் சந்தையும் சட்டியுமே நம்மனோர் நினைவிற்கு வருகின்றன; அதனை ஆராய்வதும் ஓர் உத்தியோகமோ என்று கேட்கும் பெற்றோரை யாம் இன்றுங் காண்கின்றோம். ஆதலின் இச்சிறப்பு மலரில் எழுதப் புகுந்த யாம், நம் கடலிலேயே ஆராய்ச்சியை வளர்த்து உலகறிய வாழ்ந்த ஒருவரின் வரலாற்றைக் கூற விரும்பினோம். அவர் நம்மவரல்லர், ஆங்கிலேய அரசினர்க்கு ஊழியஞ் செய்தவர். எனினும் மன்னார்க் கடலின் முத்துப்பார்களையும், யாழ்ப்பாணத்துச் சங்கையும், நம் கரையோரத் தோணி வத்தைகளையும் அவரளவு நுணுகி நோக்கி எழுதி வைத்தோர் வேறெவரும் இலர் என்றே சொல்லலாம்.

ஜேம்ஸ் ஹோர்னல் 1865ஆம் ஆண்டிற் பிறந்தவர். அவர் பெயர் முதலில் வெளிப்பட்டது ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜேர்சி என்னுஞ் சிறு தீவிலாகும். அங்கே நீர் வற்றும்போது கடல் நெடுந்தூரம் பின்வாங்கும். பாறையிடுக்குகளிலே பல்வகை உயிர்கள் அகப்படும். யோசேப்பு சினெல் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளரோடு கூடி, 1890களில் ஹோர்னல் அத்தீவிலே ஒரு கடலுயிரியல் நிலையம் நடத்தினார். நுணுக்குக்காட்டியில் வைத்து நோக்குதற்கேற்ற கண்ணாடித் தகடுகளை ஆயத்தஞ் செய்து விற்றார். தாமே ஒரு சஞ்சிகையும் வெளியிட்டார். அரசாங்கச் சம்பளமோ பல்கலைக்கழகக் கதிரையோ இல்லாத காலம் அது. கண்ணும் கையும் ஒருங்கே பழகிய பயிற்சி அவர்க்கு அங்கே கிடைத்தது. இப்பயிற்சியே பின்னர் அவரை இலங்கைக்குக் கொணர்ந்தது.

அக்காலத்து இலங்கை அரசினர்க்கு முத்து ஒரு பெருங் கவலையாயிருந்தது. மன்னார்க் குடாக்கடலிற் சிலாவத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் எதிரே, கரையிலிருந்து சில மைல் தொலைவில், ஐந்து முதல் ஒன்பது பாக ஆழத்திற் பார்கள் எனப்படும் கற்றரைகள் உள. செவல் பார், பெரிய பார், மோதரகம் பார், முத்துவரத்துப் பார் என்றாங்கு அவை பெயர் பெற்றன. முத்துச்சிப்பி ஒட்டி வளர்வது அவற்றிலேதான். சிப்பி நிறைந்த காலத்தில் அரசினர் வர்த்தமானியில் அறிவித்துக் குளிப்பை நடத்துவர். வெறுமையாயின் பார்த்திருப்பதன்றி வேறு வழியில்லை. ஒல்லாந்தர் காலத்தில் 1768 முதல் அவராட்சி முடியும் வரை குளிப்பே நிகழவில்லை. ஆங்கிலேயர் காலத்திலும் 1837க்குப் பின் 1855 வரை பார்கள் பயன் தரவில்லை. 1891இல் ஒரு குளிப்பு நிகழ்ந்தது. பின்னர் பத்தாண்டுகளுக்கு மேலாக ஒன்றுமில்லை. இதற்குக் காரணம் யாது? சிப்பி இடம் பெயர்ந்து செல்கின்றதா, மடிகின்றதா, களவு போகின்றதா? பலரும் பலவாறு கூறினர். முறையாக ஆராய்ந்தவர் அரியர்.

தேசாதிபதி சேர் வெஸ்ட் ரிட்ஜ்வேயின் ஆட்சியில் லிவர்பூல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஹெர்ட்மன் அழைக்கப்பட்டார். அவர் தமக்குத் துணைவராக ஹோர்னலை உடனழைத்துக்கொண்டு 1902ஆம் ஆண்டு சனவரி மாதம் கொழும்பை அடைந்தார். லேடி ஹவ்லொக் என்னும் நீராவிக் கப்பலில் இருவரும் பார்களைச் சுற்றி, வலையிழுத்தும் குளியாட்களை இறக்கியும் கடலடியைச் சோதித்தனர். பேராசிரியர்க்குத் தம் பல்கலைக்கழகக் கடமை இருந்தமையாற் சில மாதங்களில் அவர் தாய்நாடு திரும்பினார்; ஹோர்னல் இங்கேயே தங்கினார். காலியில் ஓர் ஆய்வுகூடம் அமைத்து, பருவந்தோறும் பார்களுக்குச் சென்று வந்தார். ஆராய்ச்சியின் பெருமை ஹெர்ட்மன் பெயரோடு வழங்குகின்றது. ஆனால் சோளகமும் வாடையும் மாறிமாறி வீச, ஒரே பாரை மீண்டும் மீண்டும் சென்று பார்த்தவர் துணைவரே என்பதை மறத்தலாகாது.

அவ்வாறு திரும்பச் சென்று பார்த்ததன் பயன் பெரிய பாரிலே விளங்கிற்று. 1902 மார்ச்சு மாதத்தில் அப்பார் முழுவதும் இளஞ்சிப்பிகள் எண்ணிறந்தனவாக அடர்ந்து கிடக்கக் கண்டனர். ஒரு முறை மட்டும் வந்து சென்ற அதிகாரியாயின், இன்னுஞ் சில ஆண்டுகளிற் பெருஞ் செல்வம் வருமென்று அரசினர்க்கு எழுதியிருப்பார். ஆண்டிறுதியில் மீண்டும் சென்று நோக்கியபோது அவை ஒழிந்துபோயிருந்தன. பழைய குறிப்புகளை ஆராய்ந்தபொழுது, 1880க்குப் பின் பத்துத் தடவைக்குக் குறையாமல் அப்பார் இவ்வாறே நிறைந்தும் ஒருமுறையேனும் குளிப்புக்குப் பயன்படவில்லை என்பது தெரியவந்தது. தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் நீரோட்டம் மணலை அள்ளி வந்து இளஞ்சிப்பிகளை மூடும்; அல்லது அவற்றை ஆழ்கடலுக்கு வாரிச்செல்லும். நெருக்கமும் ஒரு பகை. திருக்கை, கிளாத்தி முதலிய மீன்களும் நட்சத்திர மீன்களும் அவற்றைத் தின்று தீர்க்கும். ஆதலால், அழிவது உறுதியான பெரிய பாரிலிருந்து இளஞ்சிப்பிகளை அள்ளி, பாதுகாப்பான செவல் பார் முதலியவற்றிற் பரப்புதல் வேண்டும். அவை ஒட்டி வளர்தற்குக் கல்லும் ஓடும் இடுதல் வேண்டும் என்பது அவர்கள் கூறிய வழி. நாற்றங்காலிலிருந்து நாற்றைப் பிடுங்கி வயலில் நடும் நம் கமக்காரர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஹெர்ட்மன் அறிக்கை ஐந்து பெருந் தொகுதிகளாக 1903 முதல் 1906 வரை இலண்டன் இறையல் சங்கத்தாரால் வெளியிடப்பட்டது. ஹோர்னல் கடலுயிரியலாளராகவும் முத்துப்பார்களின் மேற்பார்வையாளராகவும் இங்கே பணியாற்றினார்.

1903இற் குளிப்புத் தொடங்கிற்று. மனித சஞ்சாரமற்ற மரிச்சுக்கட்டி மணலிற் சில வாரங்களுள் ஒரு நகரம் எழுந்தது. யாழ்ப்பாணம், கீழக்கரை, தூத்துக்குடி ஆகிய இடங்களிலிருந்தும், பாரசீகக் குடாவிலிருந்து அராபியரும் வந்து குவிந்தனர். கல்லிற் காலூன்றிக் கயிறு பற்றி இறங்கும் குளியாள் ஏறக்குறைய ஒரு நிமிடம் அடியில் நின்று, கைக்கெட்டியதைக் கூடையில் வாரியிட்டுக் கயிற்றை அசைப்பான். மேலே நிற்பவன் இழுப்பான். பிற்பகலிலே தோணிகள் கரை சேர, கொட்டு எனப்படும் அடைப்பிற் சிப்பிகள் மூன்று கூறாகப் பிரிக்கப்படும். ஒரு கூறு குளியாட்களுக்கு. இரு கூறு அரசினர்க்கு. அரசினர் பங்கு அன்றிரவே ஆயிரத்துக்கு இவ்வளவு என ஏலம் போகும். ஒருநாளைப் பிடியின் எண்ணிக்கையும் விலையும் எழுத்தில் ஏறிவிடுதலால், ஆராய்ச்சியாளர்க்கு இதனினும் வாய்ப்பான களம் வேறில்லை. ஹோர்னல் இக்கணக்குகளோடு சிப்பிகளின் அளவையும் வயதையும் சேர்த்துப் பதிந்தார். 1905ஆம் ஆண்டுக் குளிப்பு வரலாற்றில் இணையற்றது: எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன, அரசினர்க்கு ஏறக்குறைய 25 இலட்சம் ரூபா வருவாயாயிற்று.

விஞ்ஞானம் வந்தது, செல்வம் வந்தது என்று அன்று பலர் மகிழ்ந்தனர். இங்கே யாம் சற்று நின்று ஒன்றைக் கூறல் வேண்டும். முத்துச்சிப்பி குளிப்புக்கேற்ற பருவமடைய நான்கைந்து ஆண்டுகள் செல்லும். 1903இலும் 1904இலும் அள்ளப்பட்டவை ஆராய்ச்சியாளர் இங்கே கால்வைக்கு முன்னரே பாரில் ஒட்டியவை. அவை கடல் தானாகத் தந்த கொடை, ஆராய்ச்சியின் விளைவல்ல. இவ்வுண்மையைக் கணக்கறிந்தோர் உணர்ந்திருத்தல் கூடும், பணமறிந்தோர் உணரவில்லை. பெருவருவாயைக் கண்ட அரசினர், 1906 முதல் இருபதாண்டுகளுக்குப் பார்களை இலண்டனில் அமைந்த ஒரு முத்துக்குளிப்புக் கம்பெனிக்குக் குத்தகைக்குக் கொடுத்தனர். ஆண்டுக் குத்தகை மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபா. 1906இலும் 1907இலும் குளிப்பு நிகழ்ந்தது. 1907இல் எடுத்த சிப்பி 1905இல் எடுத்ததன் நாலிலொரு பங்களவே. அதன்பின் பார்கள் வெறுமையாயின. 1912இற் கம்பெனி குத்தகையைக் கைவிட்டது. மீண்டும் இலங்கைப் பார்களிற் பெருங் குளிப்பு நிகழ்ந்தது 1925இலேதான். குத்தகைப் பணம் ஆண்டுதோறும் ஒரே அளவினது. சிப்பியோ அவ்வாறு ஒப்பந்தத்திற் கையெழுத்திடவில்லை. கடற்செல்வத்தை நிருவகிக்க முற்படும் எவரும் முதலிற் கற்கவேண்டிய பாடம் இதுவென யாம் கருதுகின்றோம். அளவுக்கு மேல் எடுத்தமையோ, மணலும் மீனும் செய்த கேடோ, இரண்டுமோ பார்களை வறிதாக்கின என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவு இல்லை.

வேறொரு முடிவும் பின்னர் ஆட்டங் கண்டது. சிப்பியினுள் நாடாப்புழுவின் இளம் பருவம் நுழைதலே முத்துத் தோன்றுதற்குப் பெருங் காரணமென்று ஹெர்ட்மனும் ஹோர்னலும் கருதினர். 1912இல் ஜேம்சன் என்னும் ஆராய்ச்சியாளர் இதனை வன்மையாக மறுத்தார். அதற்கு முன்னரே யப்பானியர் சிப்பியின் மேற்றோற் சவ்வைக் கொண்டு முத்தை வளர்க்கும் முறையிற் கைதேர்ந்து வந்தனர். 1920களில் அவர்தம் வளர்ப்பு முத்து உலகச் சந்தையை நிறைக்கவே, மன்னார் முத்தின் விலைப்பெருமையும் குறைந்தது. ஆராய்ச்சியாளர் பிழைபடுதல் இழுக்கன்று. தம் சான்றுகளைப் பிறர் சோதிக்கும்படி அச்சில் வைத்துச் சென்றமையாற்றான் பிழை வெளிப்பட்டது.

1908இல் ஹோர்னல் சென்னை இராசதானிக்குச் சென்றார். அங்கே சேர் பிரடெரிக் நிக்கல்சன் என்னும் ஓய்வுபெற்ற சிவில் உத்தியோகத்தர் மீன்வளத் துறைக்கு அடிகோலியிருந்தார். விவசாயிகளுக்குக் கூட்டுறவுக் கடன் வேண்டுமென்று முன்னரே வாதாடியவர் அவர். மீனவர்க்கும் அதுவே வேண்டுமென்று எண்ணியவர். நிர்வாகியாகிய நிக்கல்சனும் உயிரியலாளராகிய ஹோர்னலும் கூடியது அத்துறையின் நற்பேறு. தூத்துக்குடியிலே முத்து, சங்குக் குளிப்புகளை ஹோர்னல் மேற்பார்த்தார். பின்னர்த் துறையின் தலைவராகி 1924இல் ஓய்வு பெற்றார்.

மலையாளக் கரையிலே மத்தி என்றும் நம்மிடத்திற் சாளை என்றும் வழங்கும் மீன் சில ஆண்டுகளில் மலைபோற் குவியும். சில ஆண்டுகளில் வலை வெறுமையாகத் திரும்பும். குவிந்த காலத்து விலையின்றி மணலிற் காய்ந்தும் அழுகியும் எருவாகிப் போகும். அழுகுமுன் அவித்துப் பிழிந்து எண்ணெய் எடுத்து, எஞ்சிய சக்கையை நல்லெருவாக விற்கலாமென்று நிக்கல்சனும் ஹோர்னலும் செய்து காட்டினர். கரையோரத்திற் சிறு சிறு எண்ணெய் ஆலைகள் தோன்றிப் பெருகின. மீனவர் சிலர் தாமே ஆலைக்குடையவராயினர். பின்னர் 1923இல் ஹோர்னலும் இராமசாமி நாயுடுவும் சேர்ந்து அம்மீனின் வாழ்க்கை வரலாற்றை, அது உண்ணும் நுண்ணுயிர்களோடு இணைத்து வெளியிட்டனர். மேலதிகாரியின் பெயரால் மட்டும் நூல் வெளிவருவது வழக்கமாயிருந்த நாளில், இந்திய அறிஞர் ஒருவரின் பெயர் உடன் நின்றதை யாம் குறித்துச் சொல்ல விரும்புகின்றோம்.

ஹோர்னலின் நூல்களுள் எமக்கு மிக விருப்பமானது சங்கைப் பற்றி 1914இல் அவர் வெளியிட்டதாகும். சங்கின் உடலமைப்பு, கொம்பு போன்ற முட்டைக்கூடு, அது வாழும் மணற்றரை, குளிப்பு முறை என விலங்கியலிற் றொடங்கும் அந்நூல், அங்கே நின்றுவிடவில்லை. மன்னார்க் கடலிலும் யாழ்ப்பாணக் கடலிலும் எடுத்த சங்கு எங்கே போகின்றது என்று அதன் பின்னே சென்றார் ஆசிரியர். அது வங்காளத்துக்குப் போகின்றது. டாக்காவிலே பெரும் பிறைவாளால் அறுக்கப்பட்டு வளையாகி, மணமான மாதரின் கையில் ஏறுகின்றது. யாழ்ப்பாணத்துக் கடனீரேரிகளின் அடியிற் புதைந்து கிடந்த பழஞ்சங்கும் தோண்டி எடுக்கப்பட்டு அவ்வாறே வங்கம் சென்றது. அவ்வளையறுக்கும் தொழில் முற்காலத்தில் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்ததா என்பது அடுத்த வினா. பாண்டியர் துறையாகிய கொற்கை இருந்த இடத்திலே ஹோர்னல் தேடியபோது, வாளால் அறுத்த அடையாளத்தோடு கூடிய சங்குத் துண்டுகள் கிடைத்தன. சங்கச் செய்யுளில் வளைபோழ்நரைப் பற்றிப் படிக்கும் நம் மாணவர், அச்செய்திக்குச் சான்றாகக் கழிவுத் துண்டுகளைப் பொறுக்கியவர் ஒரு மீன்வள உத்தியோகத்தர் என்பதை அறிவரோ? வலம்புரியின் அருமையையும், கோயிலிலும் மணவறையிலும் சங்குக்குரிய இடத்தையும் அவர் எள்ளல் ஏதுமின்றி எழுதினார்.

கத்தியவார் நாட்டின் ஓகாமண்டலக் கரையைப் பரோடா அரசினர்க்காக ஆராய்ந்து 1909இலும் 1916இலும் அறிக்கை வெளியிட்டார். கடலட்டை அவித்துலர்த்தும் தொழிலைப் பற்றி 1917இல் எழுதினார். சீனர் நெடுங்காலமாக நம் கடல்களில் அதனை வாங்கி வந்தமையை அங்கே காணலாம். நம் வடகரையிற் கடலட்டைப் பண்ணைகளைப் பற்றி அண்மை ஆண்டுகளில் எழுந்த வாதங்களைக் கேட்கும்போதெல்லாம், அப்பழைய வெளியீட்டை இருதிறத்தாரும் ஒருமுறை புரட்டிப் பார்த்தால் நன்றாயிருக்குமே என்று எமக்குத் தோன்றுவதுண்டு.

மீனை ஆராயச் சென்றவர் மீனவனின் மரக்கலத்திலே மனம் பறிகொடுத்தார். ஒவ்வொரு துறையிலும் கட்டுமரத்தில் எத்தனை மரம், எப்பக்கம் எது, கயிறு கட்டும் முறை யாது, பாயின் வடிவு என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அலையின் இயல்புக்கும் கரையின் சாய்வுக்கும் ஏற்பவே கலம் அமைகின்றது. கல்வியறிவில்லாதவன் என்று நாம் ஒதுக்கும் மீனவன் அதனைத் தலைமுறை தலைமுறையாகச் சோதித்து முடிவு கண்டுள்ளான் என்பது அவர் எழுத்துகளால் விளங்கும். இந்தியக் கலங்களின் தோற்றத்தைப் பற்றிய அவரது ஆராய்ச்சி 1920இல் வெளிவந்தது. தென்கரைக் கலங்களிலே பொலினீசியத் தொடர்பு உண்டென்று அவர் கருதியதைப் பின்வந்தோர் அனைவரும் ஏற்றிலர். எனினும் அவர் தந்த அளவுகளும் வரைபடங்களும் இன்று மறைந்துபோன பல கலங்களுக்கு எஞ்சிய சாட்சியாயுள்ளன.

இத்தொழிலை நாடும் மாணவர்க்கு ஒரு சொல். ஹோர்னல் காலத்தில் இதனைக் கற்பிக்கும் பல்கலைக்கழகம் நம் நாட்டில் இருக்கவில்லை. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் உருகுணைப் பல்கலைக்கழகத்திலும் கடற்றொழில் விஞ்ஞானம் பட்டத்துக்குரிய பாடமாயுள்ளது. 1981இல் நிறுவப்பட்ட தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனமும் கடற்றொழில் திணைக்களமும் பயின்றோரை வேண்டி நிற்கின்றன. விலங்கியலோடு கணிதமும் வேண்டும்; பிடித்த மீனை அளந்து, செவிக்கல்லின் வளையத்தை எண்ணி வயது கண்டு, எவ்வளவு எடுக்கலாம், எவ்வளவு விடவேண்டும் என்று கணித்தல் வேண்டும். விடியற்காலையில் இறங்குதுறைக்குச் செல்லும் பழக்கமும் வேண்டும். வியர்வையும் மீன்நாற்றமும் ஆகாதென்போர் வேறு தொழில் பார்த்தல் நலம். எல்லாவற்றிற்கும் மேலாக, கணக்குச் சொல்வதை அமைச்சரிடத்தும் சம்மாட்டியிடத்தும் வேறுபாடின்றிக் கூறும் நெஞ்சுரம் வேண்டும்.

ஓய்வு பெற்றபின் ஹோர்னல் ஓய்ந்திருக்கவில்லை. 1924இற் புறப்பட்ட சென் ஜோர்ஜ் கப்பலின் ஆராய்ச்சிப் பயணத்திற் சேர்ந்து பசிபிக் தீவுகளுக்குச் சென்றார். மொரீசியசு, சீசெல்சு, சியராலியோன், பலஸ்தீனம் ஆகிய நாடுகளின் மீன்வளத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். கேம்பிரிட்ஜ் அறிஞர் ஹடனோடு சேர்ந்து எழுதிய பசிபிக் தீவுகளின் ஓடங்களைப் பற்றிய மூன்று தொகுதிகள் 1936 முதல் 1938 வரை ஹொனலூலுவிலே அச்சாயின. உலகப் போர் நடந்த 1943இல், எழுபத்தெட்டு வயதை அணுகிய முதியவர், இலங்கையின் மீன்பிடி கலங்களையும் கரையோரக் கலங்களையும் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். தோணியும் கட்டுமரமும் நம் தென்கரை ஒருவும் நாற்பதாண்டு கழிந்தும் அவர் குறிப்பேட்டில் உயிரோடிருந்தன. நீர்மேற் செல்லும் ஊர்திகளின் தோற்றத்தை ஆராயும் பெருநூல் 1946இல் வெளிவந்தது. அவர் 1949இற் காலமானார். பல கடல்களின் மீன்பிடி முறைகளைப் பற்றி எழுதி முடித்திருந்த இறுதி நூல் அடுத்த ஆண்டிலே கேம்பிரிட்ஜில் அச்சேறியது. அதனை அவர் கையிலெடுத்துப் பார்க்கவில்லை.